எஞ்சின் இல்லாத படை: லாலாகாட் கிளைடர்கள், 1944

இரண்டாம் உலகப்போர் காலத்துத் தாக்குதல் கிளைடர் ஒரே ஒரு பயணத்துக்காகச் செய்யப்பட்ட விமானம். அதற்கு எஞ்சின் கிடையாது. இழுவை விமானம் ஒன்று அதைக் கயிற்றில் கட்டி எதிரியின் எல்லைக்கு அப்பால் கொண்டுபோகும். இலக்கு நெருங்கியதும் கிளைடர் விமானி கயிற்றைக் கழற்றிவிடுவார். அதன்பின் மேலே ஏற வழியில்லை, இன்னொரு சுற்று வரவும் முடியாது. எதிரே தெரியும் நிலத்தில், அது வயலானாலும் பள்ளமானாலும், இறங்கியே ஆகவேண்டும்.

இவ்வளவு ஆபத்தான ஊர்தியைப் படைகள் விரும்பியதற்குக் காரணங்கள் இருந்தன. பாராசூட்டில் குதிப்பவர்கள் காற்றின் போக்கில் பல கிலோமீட்டர் சிதறி விழுவார்கள். அவர்கள் ஒன்றுகூடுவதற்குள் எதிரி விழித்துக்கொள்வான். கிளைடரிலோ ஒரு பிரிவு முழுவதும் ஆயுதங்களோடு ஒரே இடத்தில், ஓசையின்றி வந்து இறங்கும். ஜீப், பீரங்கி, புல்டோசர் போன்ற கனமான சாமான்களையும் உள்ளே ஏற்றலாம். அக்காலத்துப் பாராசூட்டுகளால் இவற்றைப் பத்திரமாக இறக்குவது கடினம்.

விளையாட்டிலிருந்து போருக்கு

இந்த ஆயுதத்தின் தாயகம் ஜெர்மனி. முதல் உலகப்போரின் முடிவில், 1919 வெர்சாய் ஒப்பந்தம் ஜெர்மனி விமானப்படை வைத்துக்கொள்வதைத் தடுத்தது. எஞ்சின் இல்லாத விமானங்களுக்கு அந்தத் தடை பொருந்தவில்லை. வாசர்குப்பே மலைச்சரிவுகளில் இளைஞர்கள் கிளைடர் ஓட்டப் பழகினார்கள். பிற்கால ஜெர்மன் விமானிகள் பலருக்கு அதுவே முதல் பள்ளி. 1930களில் ஹான்ஸ் யாக்கோப்ஸ் வடிவமைத்த டி.எஃப்.எஸ். 230 என்ற கிளைடர், விமானியோடு சேர்த்து 10 பேரைச் சுமந்தது.

1940 மே 10 விடியலில் பெல்ஜியத்தின் எபன்-எமேல் கோட்டைமீது அது சோதிக்கப்பட்டது. ஆல்பர்ட் கால்வாய்ப் பாலங்களைக் காத்துநின்ற அந்தக் கோட்டை, தரைவழித் தாக்குதலுக்கு அசையாது என்று நம்பப்பட்டது. அதன் கூரையோ புல் முளைத்த பரந்த வெளி. கொலோனிலிருந்து புறப்பட்ட 11 கிளைடர்களில் 9 அந்தக் கூரையின்மேலேயே இறங்கின. சுமார் 70 வீரர்கள் 50 கிலோ வெடிகுண்டுகளைக் கவச மாடங்களின்மீது வைத்துத் தகர்த்தார்கள். சில நிமிடங்களில் பெரும்பாலான பீரங்கிகள் ஓய்ந்தன. மறுநாள் நூற்றுக்கணக்கான காவல் வீரர்கள் சரணடைந்தார்கள். தாக்கியவர்களில் இறந்தவர்கள் 6 பேர்.

ஓராண்டு கழித்து, 1941 மே மாதம், கிரீட் தீவில் நிலைமை தலைகீழானது. கீழே எதிரிகள் தயாராகக் காத்திருந்தார்கள். தீவு ஜெர்மானியர் வசமானது உண்மை. ஆனால் பாராசூட், கிளைடர் படைகள் பட்ட சேதத்தைக் கண்ட ஹிட்லர், அவ்வளவு பெரிய வான்வழித் தாக்குதலில் அதன்பின் இறங்கவில்லை. ஜெர்மனி இந்த முறையைக் கைவிடத் தொடங்கிய நேரத்தில்தான் பிரிட்டனும் அமெரிக்காவும் அதைப் பெரிய அளவில் கையில் எடுத்தன.

வாக்கோ என்ற எளிய ஊர்தி

பிரிட்டன் மரத்தாலான ஹோர்சா கிளைடரைக் கட்டியது. அதன் பாகங்கள் பலவும் நாற்காலி, மேசை செய்யும் தொழிற்சாலைகளில் உருவானவை. அமெரிக்கா கட்டியது வாக்கோ சி.ஜி.-4ஏ. எஃகுக் குழாய்களால் ஆன எலும்புக்கூடு, அதன்மேல் இழுத்துப் போர்த்திய துணி, ஒட்டுப்பலகைத் தளம் என எளிய கட்டுமானம். இறக்கையின் முழு அகலம் சுமார் 25 மீட்டர். இரண்டு விமானிகளும் 13 வீரர்களும் ஏறலாம், அல்லது வீரர்களுக்குப் பதிலாக ஒரு ஜீப்பை ஏற்றலாம். விமானிகள் அமரும் மூக்குப் பகுதி கீல் வைத்து மேல்நோக்கித் திறக்கும். அந்த வாய் வழியாகத்தான் வண்டிகள் ஏறி இறங்கும். இழுவை விமானத்தோடு பேசுவதற்குக் கயிற்றை ஒட்டியே தொலைபேசிக் கம்பி ஓடும்.

13,900க்கும் மேற்பட்ட வாக்கோ கிளைடர்கள் 16 நிறுவனங்களில் தயாராயின. மிச்சிகன் மாநிலத்தில் ஃபோர்டு நிறுவனம் கட்டியவையே மிகுதி. அவசரத் தயாரிப்புக்கு விலையும் கொடுக்க நேர்ந்தது. 1943 ஆகஸ்ட் 1 அன்று செயின்ட் லூயிஸ் நகரில் பொதுமக்கள் முன்னிலையில் நடந்த வெள்ளோட்டத்தில் ஒரு கிளைடரின் இறக்கை நடுவானில் கழன்றது. நகர மேயர் உட்பட உள்ளே இருந்த 10 பேரும் இறந்தனர். இறக்கையைத் தாங்கும் கம்பியின் இணைப்புத் துண்டு ஒன்று பழுதாக வார்க்கப்பட்டிருந்ததே காரணம்.

அதற்கு மூன்று வாரம் முன்பு சிசிலித் தீவுமீது நடந்த தாக்குதல் இதைவிடக் கசப்பானது. பலத்த காற்றிலும் இருட்டிலும் இழுவை விமானிகள் கரைக்கு வெகுதூரத்திலேயே கயிற்றை விட்டார்கள். புறப்பட்ட 144 கிளைடர்களில் 60க்கும் மேற்பட்டவை கடலில் விழுந்தன. சுமார் 250 வீரர்கள் மூழ்கி மாண்டார்கள்.

இந்தியாவுக்கு வந்த கிளைடர்

இந்தியாவிலும் கிளைடர் கட்டும் முயற்சி நடந்தது. 1940 டிசம்பரில் வால்சந்த் ஹீராசந்தின் முயற்சியாலும் மைசூர் சமஸ்தானத்தின் பங்களிப்பாலும் பெங்களூரில் இந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் நிறுவனம் தொடங்கப்பட்டது. ஜெர்மனியின் கோட்டிங்கனில் காற்றியக்கவியல் அறிஞர் பிராண்டலிடம் ஆய்வு செய்து திரும்பிய வி.எம்.காட்கே அங்கே சேர்ந்து, ஜி-1 என்ற 10 பேர் அமரும் படைக் கிளைடரை வடிவமைத்தார். மாதிரி ஒன்று கட்டப்பட்டதோடு சரி, தொடர் உற்பத்திக்குப் போகவில்லை. ஆனாலும் இந்திய விமான வடிவமைப்பின் முதல் படிகளில் ஒன்று அது. அதே காட்கே பின்னாளில் எச்.டி.-2 பயிற்சி விமானத்தை வடிவமைத்தார்.

இந்திய மண்ணிலிருந்து போருக்குப் பறந்தவை அமெரிக்க வாக்கோக்கள். அதன் பின்னணியில் இருந்தவர் பிரிட்டிஷ் தளபதி ஆர்ட் விங்கேட். 1943 பிப்ரவரியில் அவர் சுமார் 3,000 பேரோடு கால்நடையாக ஜப்பானியர் பிடியிலிருந்த பர்மாவுக்குள் புகுந்தார். சிந்தித்துகள் என்று பெயர்பெற்ற அந்தப் படையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் திரும்பவில்லை. நடக்க முடியாத காயக்காரர்களை வழியில் விட்டுவர வேண்டியிருந்தது. அடுத்த முறை படையை வானவழியே இறக்க வேண்டும், காயமுற்றோரை வானவழியே மீட்க வேண்டும் என்பது விங்கேட்டின் கோரிக்கை. 1943 ஆகஸ்டில் கியூபெக் மாநாட்டில் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட்டும் விமானப்படைத் தலைவர் ஆர்னால்டும் அதை ஏற்றார்கள்.

அதற்கென்றே அமைக்கப்பட்ட படை பின்னாளில் முதலாம் ஏர் கமாண்டோ குழு என்று பெயர் பெற்றது. பிலிப் காக்ரன், ஜான் ஆலிசன் என்ற இரு கர்னல்கள் அதை நடத்தினர். குண்டுவீச்சு விமானம், சண்டை விமானம், டகோட்டா என்ற சரக்கு விமானம், சிறு இணைப்பு விமானம், சில ஹெலிகாப்டர்கள் என எல்லாம் அதில் இருந்தன. கூடவே 100க்கும் மேற்பட்ட வாக்கோ கிளைடர்கள். அவை பெட்டிகளில் கப்பலேறிக் கல்கத்தா வந்து, அருகே பாரக்பூரில் பொருத்திக் கட்டப்பட்டன. அசாமின் கச்சார் பகுதியில் சில்சாருக்குத் தெற்கே இருந்த லாலாகாட் விமானத்தளம் கிளைடர்களின் இருப்பிடமானது. கிளைடர் விமானிகளில் ஒருவர் ஜாக்கி கூகன். சாப்ளினின் 'தி கிட்' படத்தில் நடித்த சிறுவன் அவர்தான்.

மார்ச் 5, மாலை

திட்டம் இதுதான். வட பர்மாவில் இந்தாவ் நகருக்கு அப்பால் காட்டின் நடுவே மரங்களற்ற இரு வெளிகள் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தன. ஒன்றுக்கு நியூயார்க் தெருவின் பெயரால் பிராட்வே என்றும், மற்றொன்றுக்கு லண்டன் தெருவின் பெயரால் பிக்காடிலி என்றும் குறியீடு. முதல் இரவு கிளைடர்கள் முன்னணி வீரர்களையும் புல்டோசர்களையும் இறக்கும். மறுநாளுக்குள் ஓடுபாதை அமைத்துவிட்டால், டகோட்டாக்கள் மொத்தப் படையையும் கொண்டுவந்து சேர்க்கும். லாலாகாட்டிலிருந்து பிராட்வே ஏறத்தாழ 400 கிலோமீட்டர், விருத்தாசலத்திலிருந்து கன்னியாகுமரிக்கு நேர்கோட்டில் உள்ள தூரம் அளவு. நடுவே சின் மலைத்தொடரைத் தாண்ட வேண்டும்.

1944 மார்ச் 5, ஞாயிற்றுக்கிழமை மாலை. வளர்பிறைக் காலம். பதினான்காம் படைத் தளபதி ஸ்லிம், விங்கேட், முதல் அலையை வழிநடத்தவிருந்த பிரிகேடியர் மைக்கேல் கால்வர்ட் எல்லாரும் ஓடுபாதை ஓரம் நின்றிருந்தனர். எதிரி சந்தேகப்படக் கூடாது என்பதற்காக அந்த வெளிகளின்மேல் விமானம் பறப்பதை விங்கேட் தடை செய்திருந்தார். கடைசி நேரத்தில் காக்ரன் ஒரு விமானத்தை அனுப்பிப் படமெடுத்துவரச் செய்தார். புறப்பாட்டுக்கு அரை மணி நேரம் இருக்கும்போது ஈரம் காயாத படங்கள் வந்து சேர்ந்தன. பிராட்வே வெறுமையாக இருந்தது. பிக்காடிலி முழுக்க மரக்கட்டைகள் வரிசை வரிசையாகக் கிடந்தன.

திட்டம் எதிரிக்குத் தெரிந்துவிட்டது என்ற அச்சம் எழுந்தது. கட்டைகள் கிடந்ததற்கு வேறு காரணம் உண்டு என்பது பின்னர் தெரிந்தது. வெட்டிய தேக்கை உள்ளூர் மரத்தொழிலாளர்கள் அங்கே காயப்போட்டிருந்தார்கள். அந்த நேரத்தில் அதை அறிய வழியில்லை. சிறிது நேரம் விவாதித்து, எல்லாக் கிளைடர்களையும் பிராட்வேக்கே அனுப்புவது என்று முடிவானது. அந்த முடிவை எடுத்தவர் யார் என்பதில் ஸ்லிம்மின் நினைவுநூலும் விங்கேட் தரப்பினரும் இன்றுவரை ஒத்துப்போகவில்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் தாமதமாக முதல் டகோட்டா கிளம்பியது.

ஒவ்வொரு டகோட்டாவும் இரண்டு கிளைடர்களை இழுத்தது. ஒன்று நீளமான நைலான் கயிற்றில், மற்றது சற்றுக் குட்டையான கயிற்றில். விமானம் குறைவாக இருந்ததால் வந்த ஏற்பாடு இது. வீரர்கள் தங்கள் பங்குக்குக் கணக்கில் வராத தோட்டாக்களையும் உணவையும் கிளைடர்களுக்குள் திணித்திருந்தார்கள். பாரம் மிகுந்த கிளைடர்களோடு மலையைத் தாண்டும் உயரம் எட்ட டகோட்டா எஞ்சின்கள் திணறின. மூடுபனியில் முன்னே போகும் விமானம் சரியாகத் தெரியவில்லை. கிளைடர்கள் முன்னும் பின்னும் ஊசலாட, கயிறு தளர்ந்து மறுகணம் வெடுக்கென்று இழுபடும். அந்த இழுப்பில் கயிறுகள் ஒவ்வொன்றாக அறுந்தன. அப்படி அறுபட்ட சில கிளைடர்கள் இந்தியப் பக்கத்திலேயே இறங்கின. ஒன்பது கிளைடர்கள் ஜப்பானியர் நிலைகளுக்கு அருகில் விழுந்தன. எங்கெங்கோ விழுந்த இவற்றைக் கண்டு, தாக்குதல் எந்த இடத்தின்மீது என்று ஜப்பானியரால் ஊகிக்க முடியவில்லை. விபத்து ஒருவகையில் உண்மையான இலக்கை மறைத்தது.

பிராட்வேயில் ஓர் இரவு

படத்தில் பிராட்வே சமவெளியாகத் தெரிந்தது. ஆளுயரப் புல் ஒரு விஷயத்தை மறைத்திருந்தது. பல ஆண்டுகளாக யானைகள் தேக்கு மரங்களை இழுத்துச் சென்ற தடம் வெளியின் குறுக்கே ஆழமான பள்ளங்களாகப் பதிந்திருந்தது. முதலில் இறங்கிய கிளைடர்களின் சக்கரங்கள் அந்தப் பள்ளங்களில் சிக்கி முறிந்தன. உடைந்த கிளைடரை இழுத்து ஓரம் தள்ளுவதற்குள் அடுத்தது வந்துவிடும். கயிற்றை விட்ட கிளைடரை யாராலும் தடுக்க முடியாது. இருட்டில் ஓசையின்றி வந்து, முன்னதன்மேல் மோதி நொறுங்கும். சில, உடைசலின்மேல் மோதாமல் தாவி இறங்க முயன்று காட்டுக்குள் பாய்ந்தன.

புல்டோசர் ஏற்றிய கிளைடர் ஒன்று அப்படித்தான் மரங்களுக்கு நடுவே புகுந்தது. இரண்டு இறக்கைகளும் அறுந்து விழ, உடல் மட்டும் முன்னே ஓடி நின்றது. கட்டுத் தெறித்த புல்டோசர் முன்னோக்கிப் பாய்ந்தது. அதை மூக்குப் பகுதியோடு இணைத்திருந்த கம்பி இழுபட, விமானிகளோடு மூக்கு மேலே தூக்கிக்கொண்டது. புல்டோசர் அவர்களுக்குக் கீழே வெளியே பறந்து விழுந்தது. விமானிகள் இருக்கையிலேயே காயமின்றி இருந்தார்கள்.

நள்ளிரவு தாண்டி கால்வர்ட், "சோயா லிங்க்" என்ற செய்தியை வானொலியில் அனுப்பினார். படை வீரர்கள் அறவே வெறுத்த சோயா தொத்திறைச்சியின் பெயர் அது. தோல்வி, இனி யாரையும் அனுப்ப வேண்டாம் என்பது அதன் குறிப்பு. வழியில் இருந்த கிளைடர்கள் திருப்பி அழைக்கப்பட்டன. அந்த இரவு லாலாகாட்டில் நம்பிக்கை உடைந்தது.

விடிந்ததும் நிலைமை அவ்வளவு மோசமில்லை என்று தெரிந்தது. புறப்பட்ட 60க்கும் மேற்பட்ட கிளைடர்களில் பாதியைவிடச் சற்றே கூடுதலானவை பிராட்வேயில் இறங்கியிருந்தன. இறந்தவர்கள் ஏறத்தாழ 30 பேர், காயமுற்றோரும் ஏறத்தாழ அதே அளவு. ஆனால் 500க்கும் மேற்பட்டவர்களும் 3 கோவேறு கழுதைகளும் வந்து சேர்ந்திருந்தன. சுற்றிலும் எதிரி யாரும் இல்லை. பொறியாளர் பிரிவின் கேப்டன் மோதலில் இறந்துவிட, இளம் லெஃப்டினன்ட் பிராக்கெட் பொறுப்பேற்றார். கிடைத்த புல்டோசரோடும் மண்வெட்டிகளோடும் பள்ளங்களைத் தூர்த்து, புல்லை அகற்றி, மாலைக்குள் ஓடுபாதையைச் சீராக்கினார்கள். காலையிலேயே கால்வர்ட் "போர்க் சாசேஜ்" என்று செய்தி அனுப்பியிருந்தார். வெற்றி என்று பொருள். மார்ச் 6 இரவு 60க்கும் மேற்பட்ட டகோட்டாக்கள் அங்கே இறங்கின.

அதே இரவு, ஐராவதி வளைவுக்கு அப்பால், கல்கத்தாவின் சௌரங்கி தெருவின் பெயர் சூட்டப்பட்ட இன்னொரு வெளியில் 12 கிளைடர்கள் இறங்கின. இம்முறை ஒரு டகோட்டாவுக்கு ஒரு கிளைடர்தான். காக்ரன் இரட்டை இழுவையை நிறுத்திவிட்டார். மார்ச் 11க்குள் எதிரியின் முதுகுக்குப் பின்னால் 9,000க்கும் மேற்பட்ட வீரர்களும், 1,300க்கும் மேற்பட்ட கோவேறு கழுதைகளும் மட்டக் குதிரைகளும், சுமார் 250 டன் சாமான்களும் சேர்ந்துவிட்டன. இவற்றில் மிகப் பெரும்பகுதியைச் சுமந்தவை டகோட்டாக்கள். டகோட்டா இறங்க இடம் செய்துகொடுத்தது கிளைடர்.

மார்ச் 24 அன்று விங்கேட் மணிப்பூர் மலையில் விமான விபத்தில் இறந்தார். ஜப்பானியர் இம்பாலை நோக்கி வந்துகொண்டிருந்த அதே வாரங்களில் சிந்தித்துகள் அவர்களது ரயில் பாதையை மறித்தார்கள். அது இம்பால் போரின் முடிவை எந்த அளவு மாற்றியது என்பது வரலாற்றாசிரியர்களிடையே தீராத வாதம். மே மாதத்தில் பிராட்வே கைவிடப்பட்டது.

ஐரோப்பாவிலும் அதன்பிறகும்

பிராட்வேயில் கிளைடர்கள் இறங்கி மூன்று மாதம் கழித்து, 1944 ஜூன் 6 நள்ளிரவுக்குப்பின், பிரான்சின் நார்மண்டியில் மேஜர் ஜான் ஹோவர்டின் பிரிவு 6 ஹோர்சாக்களில் இறங்கிக் கான் கால்வாய்ப் பாலத்தையும் ஓர்ன் ஆற்றுப் பாலத்தையும் சில நிமிடங்களில் பிடித்தது. முதல் கிளைடர் கால்வாய்ப் பாலத்துக்கு ஐம்பது மீட்டருக்குள் போய் நின்றது. செப்டம்பரில் நெதர்லாந்தின் ஆர்னம் தாக்குதலில் கிளைடர்கள் நல்லபடியாகவே இறங்கின. அவற்றில் வந்தவர்கள், பிடிக்கவேண்டிய பாலத்துக்குப் பல கிலோமீட்டர் தள்ளி இறங்கியதால் படை அழிந்தது. 1945 மார்ச் 24 அன்று ரைன் நதியைக் கடக்க 1,300க்கும் மேற்பட்ட கிளைடர்கள் ஒரே நாளில் பயன்பட்டன.

அதற்குள் இந்தியாவிலும் பெரிய ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. 44ஆவது இந்திய வான்வழி டிவிஷன் உருவானது. அதன் 14ஆவது பிரிகேடு கிளைடரில் இறங்குவதற்கென்றே பயிற்சி பெற்றது. ராஜபுதனா ரைபிள்ஸ், பஞ்சாப் ரெஜிமென்ட் ஆகியவற்றின் பட்டாலியன்கள் அதில் இருந்தன. பிரிட்டிஷ் விமானப்படை 668 முதல் 673 வரை எண்ணிட்ட ஆறு கிளைடர் ஸ்குவாட்ரன்களை இந்தியாவில் அமைத்தது. 1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்ததால் அவை ஒரு முறைகூடப் போருக்குப் பறக்கவில்லை.

எபன்-எமேல், பிராட்வே, நார்மண்டிப் பாலங்கள் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தால், கிளைடரின் வெற்றிக்கு மூன்று நிபந்தனைகள் தேவைப்பட்டது தெரிகிறது. எதிரி எதிர்பாராத இடம், குறுகிய இலக்கு, இறங்கியவர்களை உடனே வந்தடையும் பின்துணை. கிரீட்டில் எதிரி காத்திருந்தான், ஆர்னத்தில் பின்துணை வந்து சேரவில்லை. சிசிலியில் நிலத்தைத் தொடுமுன்பே கதை முடிந்தது. தரை ஏமாற்றிய பிராட்வேயில், கிளைடர்கள் சுமந்துவந்த புல்டோசர்தான் அந்தத் தரையைத் திருத்தியது.

கிளைடரின் காலம் முடியப்போவதற்கான அறிகுறி அதே லாலாகாட்டில்தான் முதலில் தெரிந்தது. ஏர் கமாண்டோ குழுவிடம் இருந்த சிகோர்ஸ்கி ஒய்.ஆர்.-4 ஹெலிகாப்டரில் லெஃப்டினன்ட் கார்ட்டர் ஹார்மன் 1944 ஏப்ரல் இறுதியில் பர்மாவுக்குப் போனார். காட்டில் விழுந்த விமானம் ஒன்றின் விமானியையும் காயமுற்ற மூன்று பிரிட்டிஷ் வீரர்களையும் ஒருவர் ஒருவராக மீட்டார். ஒரு தடவைக்கு ஒருவரைத்தான் அந்த ஊர்தியால் தூக்க முடிந்தது. போர்க்களத்தில் ஹெலிகாப்டர் நடத்திய முதல் மீட்பு அது.

கிளைடர் செய்த வேலையை ஹெலிகாப்டர் திரும்பிவரும் வசதியோடு செய்தது. கொரியப் போர் முடிவதற்குள்ளேயே, 1953 தொடக்கத்தில், அமெரிக்கத் தரைப்படை கிளைடரைத் தன் போர்த்திட்டத்திலிருந்து நீக்கிவிட்டது.

(தொடரும்)